போணி நேரத்தில் வாங்கிய ஆம்ப்ளிஃபயர்

விலைமதிப்பில்லாத ஒன்றின் விலை பதினோரு ரூபாய். டோரதி மிஸ் தன் ஸ்பீக்கர் ஜோடிக்குச் சொன்ன விலை அது. இனாமாகக் கொடுத்தால் நான் வாங்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். சிக்பேட்டை ஜவுளிக்காரர் வீட்டுப் பெண் நான். இனாம் என்றால் எங்கே கிழிசல் என்று விரித்துப் பார்க்கிற ஜாதி.

மல்லேஸ்வரத்தில் எங்கள் மாடியில் குடியிருந்தவர் மிஸ். தொண்ணூற்றேழில், கடல்தாண்டிப் பெர்த் நகரில் இருக்கும் மகன் லாயிடிடம் நிரந்தரமாகப் போக டிக்கெட் வந்துவிட்டது. ஸ்பீக்கர்கள் அவர் கணவர் டென்சில் வாங்கியவை. டென்சில் எப்போதோ இறந்துபோனார். சர்ச்சில் அவர் தனியாகப் பாடிய ஒரு கேசட் மட்டும் மிச்சம். பழைய ஆம்ப்ளிஃபயர் எரிந்துபோனதிலிருந்து மிஸ் அதைச் சின்ன டேப்ரிக்கார்டரில்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதுல அவர் குரல் கொசு மாதிரி கேக்குது, சொர்ணம். கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை இந்த ஸ்பீக்கர்ல கேட்டுட்டுப் போயிடறேன். ஆனா ஆம்ப்ளிஃபயர் நல்லதா போடு. இது நாலு ஓம் ஸ்பீக்கர், கரெண்டைக் குடிக்கும். கஞ்சத்தனம் பண்ணினா பழிவாங்கிடும்."

எஸ்.பி. ரோடு சந்தில் ஆம்ப்ளிஃபயர் கட்டிக் கொடுக்கும் பாலகுமாரிடம் போனேன். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஏழாயிரத்து ஐநூறு என்றான். சரி என்றேன். அது அண்ணன் சண்முகத்தின் காதில் விழுந்தது.

"சொன்ன விலைக்குச் சரின்னியா? நம்ம அப்பா பேரைச் சொல்லிக்காத இனிமே! நான் போறேன். காலையில ஷட்டர் தூக்கும்போது நின்னா, போணிக்காரனைத் திருப்பி அனுப்புவானா எவனாவது?"

போனார். ஐயாயிரத்து இருநூறுக்கு முடித்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரை ஒரே கையில் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார்.

"பாரு, எவ்ளோ லைட்டு! புது மாடல்."

முகப்பு நான் பார்த்து வைத்ததேதான். துணியை உள்ளங்கையில் வைத்தே எடை சொல்கிற குடும்பம். அந்தப் பெட்டியை ஒருத்தரும் எடை பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மிஸ் கேசட்டோடு வந்து உட்கார்ந்தார். சாயங்காலம் பம்பாய் ரயில், அங்கிருந்து விமானம். டென்சில் பாட ஆரம்பித்தார். மிஸ் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் வை" என்றார். வைத்தேன். அவர் குரல் உச்சிக்குப் போன இடத்தில் தகரத்தில் ஆணி இழுத்தது மாதிரி ஒரு கரகரப்பு. குறைப்பதற்குள் வலது ஸ்பீக்கரில் உச்ச ஸ்வரங்களைக் கொடுக்கும் சின்ன ட்வீட்டர் பட்டென்று செத்தது. அதற்கப்புறம் டென்சில் போர்வைக்குள்ளிருந்து பாடினார்.

"பரவாயில்லைம்மா. பழசுதானே," என்றார் மிஸ். என்னைத் திட்டியிருக்கலாம். கேசட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டார்.

திங்கட்கிழமை பெட்டியைப் பாலகுமார் மேஜையில் போட்டேன்.

"அக்கா, நான் சொன்னேன், இந்த ரேட்டுக்குப் பாதி சைஸ் டிரான்ஸ்ஃபார்மர்தான் வரும், சத்தம் கூட்டினா மூச்சு முட்டும்னு. பெரிய ஆம்ப்ளிஃபயர் ட்வீட்டரை எரிக்காதுக்கா, மூச்சு முட்டுறதுதான் எரிக்கும். 'முகப்பு அதே மாதிரி இருக்கட்டும், அவளுக்கு என்ன தெரியப் போகுது'ன்னாரு உங்க அண்ணன். போணி நேரம். நான் என்ன பண்ண?"

"எனக்கு ஒரு போன் பண்ணக் கை இல்லையாடா உனக்கு? போணி பண்ண மட்டும் இருந்துதா?"

பெட்டியைத் திறந்து விலை சொன்னான். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இரண்டாயிரத்து முந்நூறு. ட்வீட்டர் ஆயிரத்து எண்ணூறு. கழற்றி மாட்டக் கூலி முந்நூறு. பேரம் பேசாமல் எண்ணி வைத்தேன்.

மறுநாள் அண்ணன் கடை ஷட்டர் ஏறும்போது முதல் ஆளாக நின்றேன். அவர் ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்.

"வாம்மா! என்ன இந்நேரத்துல?"

"புடவை வாங்க வந்தேன்." மூவாயிரத்து எண்ணூறு சீட்டு ஒட்டிய மெரூன் பட்டை எடுத்தேன். "பதினோரு ரூபாய்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பின்னாலேயே ஒரு கன்னடக்கார அம்மா வந்து நின்றார். கடைப் பையன்கள் மடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"விளையாடாத, சொர்ணம்."

"போணிக்காரியைத் திருப்பி அனுப்பப் போறியா? அனுப்பு. இன்னிக்கு யாவாரம் எப்படி நடக்குதுன்னு நானும் இங்கேயே உக்காந்து பாக்கறேன்."

"ஒரு பழைய ஸ்பீக்கருக்காகக் கூடப்பொறந்தவன் கழுத்தை அறுக்கிறியே!"

"முகப்பு அதே மாதிரிதானேண்ணே இருக்கு? உனக்கு என்ன தெரியப் போகுது?"

அவர் முகம் மெரூனுக்கு மேலே போனது. ஊதுவத்தியைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார், என் கையிலிருந்த பதினோரு ரூபாயைப் பிடுங்கிக் கல்லாவில் எறிந்தார்.

நான் அங்கேயே திரும்பி, புடவையை அந்த அம்மாவிடம் நீட்டி, "அம்மா, எரடு சாவிரத நூர ஹன்னொந்து, பேக்கா?" என்று கன்னடத்தில் விலை சொல்லி, வேணுமா என்று கேட்டேன். சீட்டைப் பார்த்தவர் பேரம்கூடப் பேசாமல் எண்ணிக் கொடுத்தார்.

வரவு இரண்டாயிரத்து நூற்றுப் பதினொன்று. புடவைக்குப் போட்ட பதினொன்று, ட்வீட்டர் ஆயிரத்து எண்ணூறு, கூலி முந்நூறு. டிரான்ஸ்ஃபார்மர் காசு நான் எப்படியும் கொடுக்க வேண்டியது. அதை அண்ணன் தலையில் கட்டவில்லை. அவர் கணக்கு ரூபாயில் நேர்.

ஆம்ப்ளிஃபயர் இப்போது இரண்டு கையில் தூக்கினாலும் இடுப்பைப் பிடிக்கிறது. எவ்வளவு வைத்தாலும் கரகரப்பு இல்லை. கேசட் பெர்த்தில் இருக்கிறது. டோரதி மிஸ் கணக்கில், டென்சில் பாடிய ஒரு பாட்டு, முழுசாக, பாக்கி.