ஏழாவது படியில் நின்ற நிழல்

"யம்மா, இந்த நெழலுக்கு யாரு சோறு போட்றது?" என்று நான்கு வயது பேபி கேட்டது 1966 பங்குனியில். பாரிவாக்கத்து மாடி வீட்டுப் படிக்கட்டுச் சுவரில், கையில் கத்தியோடு ஒரு நிழல் தினமும் மாலை ஆறு மணிக்கு ஏறும். ஏழாவது படியில் நின்றுவிடும். நிழலுக்குரிய ஆள் அங்கே இருப்பதில்லை. அந்த வீட்டைக் காவல் பார்த்த ராஜம்மாவுக்கு மகளின் கேள்வி நியாயமாகப் பட்டது. அடுப்பு எரிந்த நாட்களில் முதல் படியில் ஒரு கைப்பிடி சோறு வைத்தாள். குருவிகள் தின்றன.

அதற்கு முந்தைய மாதம்தான் அங்கே ஒரு மர்மப் படத்தின் படப்பிடிப்பு முடிந்திருந்தது. கொலைகாரனாக நடித்தவர் குள்ளம். அதனால் நிழலுக்கு மட்டும் பூந்தமல்லி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய ஆறடித் துலுக்கானத்தை நிறுத்தினார்கள். விளக்குகளை அணைத்து, லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நிழல் சுவரிலேயே தங்கிவிட்டது. துலுக்கானம் அது இல்லாமல் வீட்டுக்குப் போனான். படம் நூறு நாள் ஓடியது.

பொங்கலுக்குப் பொங்கல் அவன் வந்து கூப்பிடுவான். "இன்னா நைனா, நின்னுகினே கீறியே, கால் நோவலியா? வா, ஊட்டுக்குப் போலாம்." நிழல் அசையாது. அம்பத்தூரில் அவனுக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது. அதற்கு நிழல் தேவைப்படவில்லை. மகள் கஸ்தூரியின் கல்யாணத்துக்குத் தேவைப்பட்டது. பெண் பார்க்க வந்த ஆவடிக்காரர்கள் வெயிலில் அவன் காலடியைப் பார்த்துவிட்டுக் காபி குடிக்காமலே எழுந்தார்கள். இரண்டாவது இடமும் அப்படியே போயிற்று. "நீ மரத்தாண்டயே குந்திகினு இரு நைனா, எயுந்திரிக்காத" என்று கஸ்தூரி சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு உள்ளே போய் அழுதாள். இதை ராஜம்மாவிடம் அவனே சொன்னான். மூன்றாவது இடம் 1978 கார்த்திகையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது.

அதற்கு முந்தின வியாழக்கிழமை, அந்தப் பழைய படம் உருவான விதத்தை ஆவணப்படமாக எடுக்க ஐந்து பேர் வந்தார்கள். மாலையில் நிழலையும் எடுத்தார்கள். வெளிச்சம் போதவில்லை என்று மட்டும் குறைபட்டார்கள். மறுநாள் உத்தமனைப் படிக்கட்டில் உட்காரவைத்துப் பேட்டி எடுத்தார்கள். அந்தப் படத்தில் தயாரிப்பு உதவியாளராக இருந்தவர், இப்போது பெரிய மேனேஜர். கடைசி நாள் பூசணிக்காய் உடைத்தீர்களா என்று கேட்டார்கள். உடைக்காவிட்டால் படப்பிடிப்பு முடிந்ததாக ஆகாது என்பது சினிமாக்காரர்களின் சட்டம்.

"ஒடைச்சோம் சார்" என்றார் உத்தமன், தரையைப் பார்த்து.

தண்ணீர் கொண்டுவந்த ராஜம்மா சொம்பைப் படியில் வைத்தாள். படப்பிடிப்பு நடந்த, அரிசி கிடைக்காத அந்த வருஷத்தில், இரண்டு நாளாக அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. கடைசி நாள் உடைக்க வைத்திருந்த பூசணிக்காயை உத்தமன்தான் அவள் கையில் கொடுத்தார். "தெருவுல ஒடைச்சா லாரிதான் ஏறும்க்கா. புள்ளைங்களுக்குக் கொயம்பு வையி. யாராண்டயும் சொல்லாத." மூன்று நாள் சாப்பிட்டார்கள். நிழல் எந்த உத்தரவுக்காகக் காத்திருந்தது என்பது அவளுக்கு இப்போதுதான் விளங்கியது.

உண்மையைச் சொன்னால், பசிக்குச் சோறு போட்டவரின் சொல் எல்லார் முன்னாலும் பொய்யாகும். எல்லாரும் மாமரத்தடியில் இலை போட்டுச் சாப்பிட உட்காரும்வரை காத்திருந்தாள். தன் குடிசைக் கூரையில் காய்த்திருந்த பூசணிக்காயைப் பறித்தாள். துளையிட்டுக் குங்குமம் கொட்டி, கற்பூரம் ஏற்றி, படிக்கட்டுக்கு மூன்று முறை சுற்றினாள். "முடிஞ்சிடுச்சிப்பா. நீ கெளம்பு" என்று வெறும் சுவரிடம் சொல்லிவிட்டு, பின்வாசலில் உடைத்தாள். யார் காலும் வழுக்கக் கூடாதென்று துண்டுகளை ஓரமாகத் தள்ளினாள்.

அன்று மாலை சுவர் வெறுமையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை துலுக்கானம் தன் வீட்டு மரத்தடியை விட்டு எழுந்து வந்து வரவேற்றான். மாப்பிள்ளையின் தாய் தரையைப் பார்த்தாள். "இன்னா அண்ணாத்தே, ஒங்க நெழலு கையில கத்தி வெச்சினு கீது?"

"காய் அரியத்தாம்மா" என்றான். அவர்கள் காபி குடித்தார்கள். தை மாதத்தில் முகூர்த்தம் வைத்தார்கள்.

பாரிவாக்கத்தில் ராஜம்மா அன்றும் முதல் படியில் ஒரு கைப்பிடி சோறு வைத்தாள். குருவிகளுக்கு விஷயம் தெரியாது.