கண்ணடித்த மீட்டர்

மூன்றாவது மாடியைத் தாண்டுவதற்குள் அவருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இன்னும் ஒரு மாடி பாக்கி. லிஃப்ட்டில் ஏறியிருந்தால் இந்நேரம் மேலே போய் நின்றிருக்கலாம். ஆனால் மதியம் மூன்றிலிருந்து நான்கு வரை லிஃப்ட் ஓடாது. அப்படியொரு உத்தரவைப் போட்டு, கையெழுத்தும் போட்டு, லிஃப்ட் கதவிலேயே ஒட்டிவைத்த புண்ணியவான் அவரேதான்.

காதோடு அழுத்திய போனில், அலுவலகத்தில் வரைபடம் போடும் பிளான் மேடத்தின் குரல் கேட்டது.

"சார், லைன்ல இருக்கீங்களா? யாரோ சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரி சத்தம் வருது."

"நான்தாம்மா. படி ஏறுறேன்."

"எதுக்கு சார் ஓடுறீங்க? மெதுவாவே போங்க. ஃப்ரிட்ஜ்லதானே இருக்கு, எங்க ஓடிடப் போகுது?"

அந்த ஃப்ரிட்ஜுக்குப் போகும் கரன்ட்டைப் பன்னிரண்டே முக்காலுக்குத் தன் கையாலேயே நிறுத்தியவர் அவர். இப்போது மணி மூன்று நாற்பது.

கட்டட வரைபடம் போட்டுத் தரும் அந்த அலுவலகத்தில் நாற்பது பேர். நிர்வாக அதிகாரி என்று அறைக் கதவில் எழுதியிருந்தாலும், நாற்பது பேருக்கும் அவர் 'ஆஃப் சார்'. மின்சாரம், காகிதம், குப்பை மூன்றையும் கால் பங்கு குறைக்க வேண்டும் என்று தலைமை அலுவலகம் ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மற்ற கிளைகள் அதைக் கோப்பில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயின. இவர் வேட்டியை மடித்துக் கட்டாத குறையாகக் களத்தில் இறங்கினார்.

காகிதத்தின் இரு பக்கமும் அச்சடிக்க வேண்டும். கிழித்த காகிதத்தை எறியக்கூடாது, பார்சலுக்குள் திணிக்க வைத்துக்கொள்ள வேண்டும். பேப்பர் கப் கிடையாது, அவரவர் டம்ளர். பக்கத்தில் போய்வரும் வேலைகளுக்கு ஆபீஸ் கார் கிடையாது, இரண்டு சைக்கிள் வாங்கிப் போட்டார். சாப்பாட்டு அறையில் யானைக்குட்டி மாதிரி உறுமிக்கொண்டிருந்த பழைய ஃப்ரிட்ஜையும் இரண்டு மாதத்துக்கு முன் வெளியேற்றினார்.

அன்றைக்கு அதிகம் சண்டை போட்டவள் பிளான் மேடம்தான். பத்து மாதக் குழந்தையின் அம்மா. படம் போடுகிற கை எவ்வளவு நேரோ, பேச்சும் அவ்வளவு நேர்.

"சாயங்காலம் ஆறு மணிக்குச் சூரியனை ஆஃப் பண்றதும் நீங்கதானா சார்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஃப்ரிட்ஜ் என்னவோ போய்விட்டது.

ஆனால் ஆறு வாரமாக ஒரு மர்மம் அவரைத் தூங்கவிடவில்லை. தினமும் பன்னிரண்டரைக்கு 'இருட்டு அரைமணி'. விளக்கு, கம்ப்யூட்டர், ஏசி எல்லாம் அணைந்துவிடும். அப்போது மீட்டரின் சிவப்பு விளக்கு அசையாமல் நிற்க வேண்டும். நிற்கவில்லை. சாவகாசமாக, விட்டு விட்டு, அவரைப் பார்த்துக் கண்ணடித்தது. எங்கோ ஒரு திருடன் கரன்ட் குடித்துக்கொண்டிருந்தான்.

இன்று மதியம் பிடித்துவிட்டார். மெயின் போர்டில் ஒவ்வொரு ஸ்விட்ச்சாக இறக்கிக்கொண்டே வந்தார். பதினான்காவதை இறக்கியதும் மீட்டர் கண்ணை மூடிக்கொண்டது. ரெக்கார்டு ரூம்! பழைய காப்பி மெஷின் எதையாவது மறந்து சொருகி வைத்திருப்பார்கள். கதவு பூட்டியிருந்தது. திறந்து பார்க்க நேரமில்லை, ஒரு மணிக்கு அவர் வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். ஸ்விட்ச்சின் மேல் டேப் ஒட்டி, 'நிரந்தர ஓய்வு' என்று எழுதிவிட்டு, "பேங்க் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார்.

தினமும் அதே நேரம், அதே பேங்க். "சாருக்கு எத்தனை லோனோ, பாவம்" என்று காவலாளி இரக்கப்படுவது அவருக்கும் தெரியும்.

அது பணம் போடுகிற பேங்க் அல்ல. ஊரின் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் அவருடைய மகள் இருந்தாள். ஏழாம் மாதமே அவசரப்பட்டுப் பிறந்து, இன்றோடு நாற்பத்தோரு நாள். "பொழைச்சு வீட்டுக்கு வரட்டும். அப்புறம் ஊருக்குச் சொல்லலாம்" என்று மனைவி கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டதால், அலுவலகத்தில் அவர் மூச்சுவிடவில்லை. மனைவிக்கு ஆபரேஷன் புண்ணில் கிருமி. சாப்பிடும் மருந்தால் குழந்தைக்குப் பால் கொடுக்கக்கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். குழந்தையை வளர்த்தது ஆஸ்பத்திரியின் தாய்ப்பால் வங்கி.

கொடுப்பவர் யார் என்று வாங்குபவருக்குச் சொல்லமாட்டார்கள். பால் புகட்டும் ஊசிக்குழாயில் ஒரு நம்பர் மட்டும் ஒட்டியிருக்கும். நாற்பத்தோரு நாளில் பெரும்பாலும் ஒரே நம்பர்தான், 27. மனைவி அதற்கு உறவுமுறையே வைத்துவிட்டாள். "இன்னிக்கும் நம்ம இருபத்தேழக்கா வந்துட்டாங்க." ஊசிக்குழாய் காலியானதும் இருவரும் யாருக்கும் தெரியாமல் கைகூப்புவார்கள். எந்தத் திசையில் கும்பிடுவது என்று தெரியாததால் அந்த நம்பரைப் பார்த்தே கும்பிட்டார்கள்.

இன்று மதியம் நம்பரே இல்லை. "ஸ்டாக் சுத்தமா தீர்ந்துடுச்சு. சாயங்காலம் வர்றதை வச்சுத்தான் ராத்திரிக்கு" என்றார்கள். கல்லைக் கட்டிய நெஞ்சோடுதான் அவர் அலுவலகம் திரும்பினார். மூன்று முப்பத்தைந்துக்கு, கீழே வாசலில் நிற்கும்போது, ஊரின் வேறொரு மூலையில் ஒரு கட்டடத்தை அளந்துகொண்டிருந்த பிளான் மேடத்திடமிருந்து போன்.

"சார், ஒரு உதவி. கேட்டுட்டுத் திட்டுங்க. ரெக்கார்டு ரூம்ல நான் ஒரு குட்டி ஃப்ரிட்ஜ் வச்சிருக்கேன். உள்ள இருக்கறது தாய்ப்பால். ஆஸ்பத்திரி பால் வங்கிக்குக் குடுக்கறது. இன்னிக்கு அங்க ஒரு சொட்டுகூட இல்லையாம், நர்ஸ் கெஞ்சறாங்க. நாலரைக்கு மூடிடுவாங்க. நான் இங்க மாட்டிக்கிட்டேன். யாரையாவது அனுப்ப முடியுமா?"

அப்போது ஓட ஆரம்பித்தவர்தான்.

நான்காவது மாடி. மெயின் போர்டில் தான் ஒட்டிய டேப்பைத் தானே கிழித்து ஸ்விட்ச்சைத் தூக்கினார். "அக்கா! ரெக்கார்டு ரூம் சாவி!" என்று அவர் போட்ட கூச்சலில், துப்புரவு வேலை பார்க்கும் அக்கா துடைப்பத்தோடு ஓடி வந்தாள்.

"எதுக்கு சார் சாவி? அங்க ஒண்ணுமில்லியே" என்றாள் அவள், கண்ணைச் சிமிட்டாமல்.

"ஃப்ரிட்ஜ் இருக்குக்கா. மேடமே சொல்லிட்டாங்க."

அக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். "ஆபீஸ் பூரா தெரியும் சார். உங்க ஒருத்தருக்குத்தான் தெரியாது. தெரிஞ்சா ஆஃப் பண்ணிடுவீங்கன்னு…"

"பண்ணிட்டேன்க்கா."

அக்காவின் கை பூட்டிலேயே நின்றது. "எப்போ?"

"பன்னிரண்டே முக்காலுக்கு."

அவள் சாவியைத் திருகிக் கதவைத் தள்ளினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கிழித்த காகித மூட்டைகளுக்கு நடுவே, ஒரு ஸ்டூல் உயரத்துக்கு அந்த ஃப்ரிட்ஜ் ஒளிந்திருந்தது. கதவில், வரைபடத்தில் எழுதுவதுபோல குண்டு குண்டான எழுத்தில் ஒரு குறிப்பு: 'உறைந்த நிலையில் மட்டுமே வாங்குவார்கள். முழுக்க உருகினால் கொட்டிவிடுவார்கள்.'

கொட்டிவிடுவார்கள். அந்த ஒரு சொல்லை அவர் இரண்டு முறை படித்தார். கதவையும் உள்ளே இருந்த ஐஸ் அறையையும் திறந்தார். எட்டு பாட்டில். வெளிப்பக்கம் வியர்த்திருந்தது. ஒன்றை எடுத்து மெல்லச் சாய்த்தார். சுற்றிலும் பால் அசைந்தது. நடுவில் ஏதோ கட்டியாக முட்டியது.

"ஐஸ் இருக்குக்கா! இன்னும் இருக்கு!"

"அப்ப நின்னு ரசிக்காதீங்க சார், கட்டுங்க!"

ஐஸ் வைத்து எடுத்துப்போக ஆபீஸில் வேறு ஃப்ரிட்ஜ் கிடையாது. அதை ஒழித்தவர் யார் என்று அந்த நேரத்தில் யாரும் கேட்கவில்லை. அக்கா காலி காகித அட்டைப்பெட்டி ஒன்றை இழுத்து, மூட்டையை அவிழ்த்து, கிழித்த காகிதத்தை அள்ளி அள்ளிப் போட்டாள். "எறியாத, ஒரு நாள் ஆகும்னு உயிரை எடுத்தீங்களே, இந்தா, ஆச்சு" என்றாள். பாட்டில்கள் நெருக்கமாக உட்கார்ந்தன. மேலே இன்னும் நான்கு கை காகிதம், அதற்கு மேல் அவளுடைய சால்வை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிப் பக்கம் திரும்பியவர் நின்றார். நான்கு மாடி. கையில் எட்டு பாட்டில். கால் தடுக்கினால்?

கீழே எட்டிக் கத்தினார். "ஆன் பண்ணுங்க!"

காவலாளி அண்ணாந்து பார்த்தார். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர் கேட்டதே இல்லை. "எதை சார்?"

"லிஃப்ட்டைத்தான்! சீக்கிரம்ணே!"

வாசலுக்கு வந்தால் தெரு முழுக்க வண்டிகள், முட்டிக்கொண்டு நின்றன. ஆட்டோ பிடித்தால் அதிலேயே குடித்தனம் நடத்த வேண்டியதுதான். சுவர் ஓரம் ஆபீஸ் சைக்கிள் இரண்டும் தூசி படிந்து நின்றன. வாங்கிய நாளிலிருந்து அவற்றில் ஏறியவர் அவர் ஒருவர்தான். காவலாளி பெட்டியைப் பின்னால் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்.

"பார்த்துப் போங்க சார். மருந்தா?"

"அதுக்கும் மேலண்ணே."

நின்ற கார்களுக்கு நடுவே சந்து கண்ட இடமெல்லாம் சைக்கிளை நுழைத்தார். ஒரு லாரிக்காரர், "யோவ், வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று கத்தினார். 'வீட்டுக்காகத்தான்யா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். வெயில் முதுகில் அறைந்தது. அதே வெயில் பெட்டியிலும் அறைகிறதே என்று நினைக்கும்போதெல்லாம் கால் இன்னும் வேகமாக மிதித்தது. ஸ்விட்ச்சை இறக்கிய விரலை வெட்டிப் போடலாம் போலிருந்தது. அப்புறம் அக்காவின் சால்வை ஞாபகம் வந்தது. யாரும் தன்னை ஒரு சொல் சொல்லாமல் ஆளுக்கொரு கை கொடுத்தது ஞாபகம் வந்தது.

நான்கு பன்னிரண்டு. பால் வங்கியின் ஜன்னல் திறந்திருந்தது. பெட்டியை ஜன்னல் திட்டில் வைத்தார்.

நர்ஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார். "மூணாவது பெட்டிப் பாப்பாவோட அப்பாதானே? என்ன சார், மழையில நனைஞ்சீங்களா?"

"வேர்வை சிஸ்டர். எங்க ஆபீஸ்ல ஒருத்தங்க குடுத்தனுப்பினாங்க. கரன்ட் மூணு மணி நேரம் இல்ல. நான்தான் நிறுத்திட்டேன். தெரியாம." மறைக்கத் தோன்றவில்லை. "எடுத்துக்குவீங்களா?"

நர்ஸ் முகம் மாறியது. காகிதத்தை விலக்கி ஒவ்வொரு பாட்டிலாக வெளிச்சத்தில் பிடித்தார், சாய்த்தார், தட்டினார். முதலாவது. இரண்டாவது. மூன்றாவதில் கொஞ்சம் தாமதித்தார். வெளியே நின்ற இவர் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். ஏழு. எட்டு.

"நடுவுல எல்லாத்துலயும் ஐஸ் கட்டியா நிக்குது. எடுத்துக்கலாம்" என்றார் நர்ஸ். "யார் சார் இப்படிக் காகிதத்துல பொத்தி வச்சது? கெட்டிக்காரங்க. ராத்திரிக்கு உள்ள இருக்கற எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஆகும். உங்க பாப்பாவுக்கும்தான்."

இவர் தலையை ஆட்டினார்.

"ஒரே ஒரு சிக்கல்." நர்ஸ் பாட்டிலைத் திருப்பிக் காட்டினார். வியர்த்த நீரில் லேபிளின் மை கரைந்து நீலமாக வழிந்திருந்தது. "நம்பர் அழிஞ்சு போச்சு. நம்பர் இல்லாம உள்ள ஏத்த முடியாது. அவங்களக் கேட்டுச் சொல்றீங்களா?"

போனை எடுத்தார். முதல் மணியிலேயே பிளான் மேடம் எடுத்தாள்.

"சேர்ந்துடுச்சா சார்?"

"சேர்ந்துடுச்சும்மா. முதல்ல ஒண்ணு சொல்லணும். உங்க ஃப்ரிட்ஜை இன்னிக்கு நான் ஆஃப் பண்ணிட்டேன். மன்னிச்சுக்குங்க."

"தெரியும். அக்கா போன் பண்ணிட்டாங்க. ஓடினீங்கன்னும் சொன்னாங்க, லிஃப்ட்டை ஆன் பண்ணச் சொன்னீங்கன்னும் சொன்னாங்க. அதைத்தான் நம்ப முடியல." அவள் சிரித்தாள். "தப்பு என் மேலயும்தான் சார். ஒளிச்சு வச்சிருக்கக் கூடாது."

"இனிமே ஒளிக்க வேண்டாம். அதுக்குத் தனி லைன் போட்டுத் தரேன். எந்த இருட்டு அரைமணியும் அதைத் தொடாது."

"அடேயப்பா! ஆஃப் சாரா பேசறது?"

"ஒண்ணு கேக்கட்டுமா? இதை எதுக்கு ஆரம்பிச்சீங்க?"

"எல்லாம் உங்களாலதான். பையனுக்குப் போக நிறைய மிச்சம் இருந்துச்சு. தினம் வாஷ் பேசின்ல கொட்டிட்டிருந்தேன். நேரா மேல நீங்க ஒட்டின போர்டு. 'கொட்டும் முன் ஒரு நிமிடம்: இது யாருக்காவது ஆகுமா?' நீங்க தண்ணிக்குத்தான் எழுதியிருப்பீங்க. எனக்குக் கை வரல. அன்னிக்கே போய்ப் பேர் குடுத்துட்டேன். ஒண்ணரை மாசம் இருக்கும்."

ஒன்றரை மாதம். அவர் மனசு ஏதோ ஒரு கணக்கைப் போட ஆரம்பித்தது. ஜன்னலுக்குள் நர்ஸ் பேனாவைத் திறந்து காத்திருந்தார்.

"நம்பர் வேணும்மா. லேபிள் அழிஞ்சு போச்சு."

"ஓ, அதுவா? எழுதிக்குங்க சார்," என்றாள் பிளான் மேடம். "இருபத்தேழு."