ஒரு வீட்டுக்கு ஒரு சம்பளம்

அவள் வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள், வணக்கமும் சொல்வார்கள். அந்த வணக்கத்துக்குக் கல்லால் அடித்திருந்தால்கூடத் தேவலை. துணி ஆலையில் ஆட்குறைப்பு நடந்ததிலிருந்து இப்படித்தான். வகுப்பில் பாதிப் பேருடைய அப்பாக்கள் வேலையில்லாமல் வீட்டில் கிடந்தார்கள். அவர்களை நீக்கிய உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் ஆலை மேலாளர். அந்த மகானுபாவரின் மனைவிதான் இந்தச் சரித்திர டீச்சர்.

அன்றைக்குப் பார்த்துத் தலைமையாசிரியர் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். தற்காலிக ஆசிரியர்கள் மூன்று பேரில் ஒருவருக்குத்தான் அடுத்த வருஷம் வேலை. யாருக்கு என்பது அவர் கையில் இருந்தது.

பாடம், பொருளாதாரப் பெருமந்தம். 1930களில் உலகமே வேலையில்லாமல் முடங்கியபோது அரசாங்கங்கள் என்ன செய்தன? டீச்சர் புத்தகத்தை ஒப்பிக்கிற ரகமில்லை. வகுப்பையே மந்திரிசபையாக்கிவிடுவாள். வழிகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகளைச் சண்டை போட விடுவாள். பெரும்பான்மை எதைச் சொன்னாலும் அந்தத் தீர்மானத்தைத் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

சாலையும் அணையும் கட்டி வேலை கொடுப்பது, உதவித்தொகை, செலவுக் குறைப்பு, இறக்குமதி வரி என்று எழுதினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். பாழாய்ப்போன நேர்மை விட்டதா? 'கணவனுக்கு வேலை இருந்தால் மனைவியை நீக்குவது' என்பதையும் சேர்த்தாள். சில நாடுகள் இதையும் செய்திருந்தன. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

வகுப்பில் 'வக்கீல்' என்று பட்டம் வாங்கியிருந்த பெண் எழுந்தாள். அவள் அப்பா அதே ஆலையில் தறி ஓட்டியவர்.

"கடைசியா எழுதினதுதான் சரி டீச்சர். ரோடு போடப் பணம் வேணும். இதுக்குச் செலவே இல்ல."

"அதனால புதுசா ஒரு வேலைகூட வரலையேம்மா. ஒருத்தர்கிட்ட பிடுங்கி இன்னொருத்தருக்குத் தர்றதுதானே?"

"எங்க வீட்டுலயும் பிடுங்கினாங்க. நாங்க என்ன செத்தா போயிட்டோம்? ஒரு வீட்டுல ரெண்டு சம்பளம், பக்கத்து வீட்டுல ஒண்ணுமில்ல. இது என்ன நியாயம்?"

கைகள் மளமளவென்று உயர்ந்தன. எண்ண வேண்டிய அவசியமே இல்லை. டீச்சர் தீர்மானத்தை எழுதினாள்.

"கையெழுத்து டீச்சர்," என்று யாரோ நினைவூட்டினார்கள். போட்டாள்.

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். "பசங்க சொல்றதுலயும் விஷயம் இருக்கும்மா. மத்த ரெண்டு பேருக்கும் இந்தச் சம்பளத்த விட்டா வேற கதியில்ல. உங்களுக்கென்ன, சார் இருக்காரு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சார் இருக்கிறார்தான். ஊரார் வேலையையெல்லாம் அவர் கையாலேயே பறிக்க வைத்துவிட்டு, கடைசியில் அவரையும் ஆலை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று தினமும் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பிப்போய், சாயங்காலம்வரை பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று தன் தலையில் கை வைக்கச் சொல்லி அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். வாயை மூடிக்கொண்டால் அவர் மானம் பிழைக்கும், அடுப்பு அணையும்.

"சாருக்கும் வேலை போயிடுச்சு," என்றாள். "அவர் சம்பளம் வந்து மாசக்கணக்காச்சு. இப்போ எங்க வீட்டுலயும் ஒரு சம்பளம்தான்."

தலைமையாசிரியர் பேனாவை மூடினார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா. பாடம் நடத்தறதுல மூணு பேருல நீங்கதான் கெட்டி. சரி, அடுத்த வருஷமும் நீங்களே இருங்க."

டீச்சருக்கு வேலை கிடைத்துவிட்டது. பிள்ளைகளின் முகத்தில் இரக்கத்தைத் தேடினாள். மருந்துக்கும் இல்லை.

வக்கீல் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அவள் டீச்சரைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"வீட்டுக்குப் போனதும் அப்பாகிட்ட சொல்லணும் டீச்சர். வேலை போனதுலேர்ந்து அவரு சரியாவே சாப்பிடறதில்ல. இன்னைக்குச் சாப்பிடுவாரு."