மடையான் சார்

கீழ்வேளூர் லாட்ஜின் மாடியறையில் வானதி அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதும் சூர்யபிரகாஷின் முகம் கடுத்துவிட்டது. மெட்ராஸ்காரர். கோடியக்கரைக்குப் பறவை பார்க்க வெளிநாட்டுக்காரர்களை அழைத்துவரும் புதுக் கம்பெனிக்கு உள்ளூர் வழிகாட்டி ஒருவரைத் தேடி வந்திருந்தார். தொண்ணூற்றைந்தில் அப்படியெல்லாம் வேலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. ஒரு கொக்கின் படத்தைக் காட்டி, இங்கிலீஷில் இதற்கு ஏன் 'பேடி பேர்ட்', அதாவது நெல்லுப் பறவை, என்று பேர் வந்தது என்று கேட்டார். படித்துவந்த இங்கிலீஷெல்லாம் பயத்தில் பறந்துபோக, அவள் வாயில் வந்தது இவ்வளவுதான்: "மடையான் சார்."

"யாரை மடையன்ங்கிற? நீ போகலாம்மா."

போவதென்றால் எங்கே போவது? இந்த வேலை இல்லையென்றால் திங்கட்கிழமை அத்தையோடு திருப்பூருக்கு ரயிலேற வேண்டும். அப்பா டிக்கெட்டே எடுத்துவிட்டார். பி.ஏ. படித்துவிட்டு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்ட அவளுக்குக் கொஞ்சமும் மனசில்லை. அழுகை வரப்பார்த்தது. நல்லவேளையாக அதை முந்திக்கொண்டு கோபம் வந்துவிட்டது. விறுவிறுவென்று போய் ஜன்னலைத் திறந்தாள். லாட்ஜுக்குப் பின்னால் ஒரே சம்பா வயல்.

"கோவிச்சுக்காம இங்க வந்து பாருங்க சார். வாய்க்கால்லேருந்து வயலுக்குத் தண்ணி பாயுதுல்ல, அதான் மடை. அதுல மண்ணு நிறத்துல ஒண்ணு நிக்குது பாருங்க. தண்ணியோட வர்ற மீனுக்காக மடையிலயே நிக்கும். அதான் மடையான்."

அவர் பைனாகுலரில் வெகுநேரம் தேடி, ஒருவழியாகக் கண்டுபிடித்தார்.

"அப்ப இங்கிலீஷ் பேரு? நெல்லு திங்கிறதாலதானே?"

"நெல்லைத் தொடவே தொடாது சார். வெள்ளைக்காரங்க ரோட்டுல நின்னு பாத்திருப்பாங்க, நெல்வயல் தெரிஞ்சிருக்கும், அதையே பேரா வச்சிட்டாங்க. எங்க ஆளுங்க மம்பட்டியோட பக்கத்துல நின்னு வச்சாங்க."

சூர்யபிரகாஷ் வாய்விட்டுச் சிரித்தார். "காலைலேருந்து நாலு பேரைக் கேட்டேன். நாலு பேரும் அதுக்கு நெல்லுதான் ஊட்டினாங்க. இதையே இங்கிலீஷ்ல சொல்லுங்க பாப்போம்."

சொன்னாள். தப்பும் தவறுமாக, கையை ஆட்டி ஆட்டி, ஒரு இடத்திலும் நிற்காமல் சொன்னாள். அவர் காகிதத்தில் அவள் பெயரை எழுதி அடிக்கோடிட்டார்.

"திங்கட்கிழமை கோடியக்கரைக்கு வந்துடுங்க."

நீ என்றவர் 'ங்க' போடுகிறார். வானதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது. சத்தம் வெளியே வந்துவிடாமல் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கீழே வரப்பில் யாரோ நடந்து வந்தார்கள். மண்ணோடு மண்ணாக நின்றிருந்த மடையான் சட்டென்று சிறகை விரித்தது. உள்ளே அத்தனையும் வெள்ளை. பச்சை வயலுக்கு மேலே, எல்லோருக்கும் தெரியும்படி அது பறந்தது.