காளையின் பின்பக்கம்

ஆலன் நகரத் தமிழ்ச் சங்கப் பட்டிமன்றத்தில், 'அமெரிக்கா குடியேற்றத்தைக் குறைக்க வேண்டும்' என்ற அணிக்குப் பிச்சுமணி தலைவர். கிரீன் கார்டுக்குப் பதினைந்து வருஷமாகக் காத்து நிற்பவர், தமக்குப் பின்னால் கதவைச் சாத்தச் சொன்னது அங்கே யாருக்கும் வேடிக்கையாகப் படவில்லை. "வரிசையில நின்னவனுக்குக் கதவு, தப்பு பண்ணவனுக்கு விமானம்" என்று கர்ஜித்தார். கூரை அதிரக் கைதட்டல்.

மேடையேறுமுன் மகன் சுஹாஸ் போலீஸ் அலுவலகத்திலிருந்து அழைத்திருந்தான். போட்டிக் கல்லூரியின் ஃபுட்பால் வீரர்கள், காற்றடைத்த ராட்சதக் காளையின் வாய் வழியாகத்தான் மைதானத்துக்குள் ஓடிவருவார்கள். சுஹாஸும் மூன்று நண்பர்களும் ஊழியர் சட்டையும் போலி பேட்ஜுமாகக் கிடங்குக்குள் புகுந்து, காளையின் தலையையும் வாலையும் இடம் மாற்றித் தைத்துவிட்டார்கள். இன்று மதியம், நிரம்பி வழிந்த மைதானத்தில், அந்த வீரர்கள் வீராவேசமாகக் காளையின் பின்பக்கத்திலிருந்து பிறந்தார்கள்.

பிச்சுமணிக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் அவரையே பலமுறை காப்பாற்றியது. "ஒண்ணுவிடாம எழுதி, சாரி கேட்டு, சைன் பண்ணிக் குடுத்துடு. விட்டுடுவாங்க" என்று சொல்லிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

பேசி முடித்து உட்கார்ந்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தார். மற்ற மூவரும் இங்கே பிறந்தவர்கள். அபராதம் கட்டிவிட்டுச் சிரிப்பார்கள். கைக்குழந்தையாக வந்த சுஹாஸோ, இருபத்தொரு வயதானதும் அப்பாவின் விண்ணப்பத்திலிருந்து கழற்றிவிடப்பட்டு, இப்போது ஸ்டூடண்ட் விசாவில் தொங்குகிறான். வழக்கு என்று ஒன்று வந்தால் அதுவும் போய்விடும்.

எதிரணித் தலைவி ருக்மிணி இமிக்ரேஷன் லாயர். சற்றுமுன் அவரைத்தான் 'கருணை வியாபாரி' என்று பிச்சுமணி மேடையில் கிழித்திருந்தார். இப்போது மேடைக்குப் பின்னால், சுண்டல் டிரேக்குப் பக்கத்தில், அவர் முன்னாலேயே நடந்ததைச் சொல்லிக் கைகூப்பி நின்றார்.

ருக்மிணி பதிலுக்குக் குத்திக்காட்டவில்லை. அதுவே பயமாக இருந்தது.

"லாயர் வர்றவரைக்கும் வாயத் திறக்காதன்னு சொல்லியிருப்பீங்கல்ல சார்?"

மன்னிப்புக் கடிதத்தைச் சொன்னார்.

"ஃபேக் பேட்ஜையுமா எழுதச் சொன்னீங்க?"

"ஒண்ணுவிடாமன்னு சொன்னேன் மேடம்."

"சார், அது மன்னிப்பு இல்ல, வாக்குமூலம். குடுக்கறதுக்குள்ள நிறுத்துங்க."

அழைத்தார். சுஹாஸ் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். அதற்குள் நடுவர் அவர் அணிக்கே தீர்ப்புச் சொல்லிவிட, சங்கத்து ஆட்கள் இருவர் அவரை மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பொன்னாடை விழுந்தது. அந்த விமான வரியை இன்னொரு தரம் சொல்லும்படி நடுவர் மைக்கை நீட்டினார்.

பிச்சுமணி வாயைத் திறந்தார். கையில் போன் அதிர்ந்தது.

'டன் அப்பா. லெட்டர் குடுத்துட்டேன். ரொம்ப நைஸா தேங்க்ஸ் சொல்லி வாங்கிக்கிட்டாங்க.'