இது சாப்பாடு இல்லை

கன்னியர் மடத்தின் அப்ப அறையிலிருந்து கொண்டுவந்த உறையை அம்மா மேசைமேல் வைத்ததும், மகள் வாயைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். மாவைத் தகடாகச் சுட்டு, பூசைக்கான அப்பங்களை வட்டம் வட்டமாக வெட்டி எடுத்தபின் மிஞ்சுகிற ஓரங்கள் அவை. பீடத்துக்குப் போகாதவை, யார் தின்றாலும் பாவமில்லை. அங்கே வேலை செய்கிற அம்மாவின் புண்ணியத்தில், பல் முளைத்ததிலிருந்தே மகளுக்கு அதுதான் நொறுக்குத் தீனி. பத்து வயதாகியும் பேச்சு வரவில்லை. தீனியைக் கண்டால் மட்டும் மகாராணிக்குக் கால் தரையில் நிற்காது என்று அப்பன்காரன் கிண்டல் செய்வான்.

அந்தத் தீனியே இப்போது வினையாக வந்து நின்றது.

பூசை அப்பத்தை முதன்முறையாக உட்கொள்ளும் புதுநன்மைக்கு மற்றப் பிள்ளைகளிடம் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். இவளுக்காகப் பங்குச்சாமியார் எல்லாவற்றையும் தள்ளிவிட்டார். "இது வெறும் சாப்பாடு இல்லன்னு அவளுக்குத் தெரிஞ்சா போதும்மா. நானே வீட்டுக்கு வந்து பிஸ்கட்டும் அப்பமும் காட்டிப் பாக்குறேன்" என்றார். இதைவிட ஒரு மனிதர் இறங்கிவர முடியாது. ஆனால் அப்பம் என்றாலே தீனி என்று பழக்கிவைத்தவள் அம்மாதானே, யாரை நோவது?

ஞானோபதேச வகுப்பு நடக்கும்போது அம்மா மகளோடு வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். கடவுள் நம்மை எதற்காகப் படைத்தார் என்று சிஸ்டர் கேட்பார். அவரை அறிந்து, அன்பு செய்து, ஊழியம் செய்து, மோட்சத்தை அடைய என்று பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பிக்கும். அறிய மகளால் ஆகாது. ஊழியமா, சட்டைப் பொத்தானையே அம்மாதான் போட வேண்டும். அப்படியானால் எதற்காக? புதுநன்மை வாங்கிவிட்டால், தன் மகளும் சும்மா பிறந்துவிடவில்லை என்று ஆகிவிடும்.

வாரம் முழுக்க வீட்டில் பாடம் நடந்தது. ஒரு தட்டில் பிஸ்கட், இன்னொன்றில் அப்பம். "இதத் தொடக் கூடாது, கும்பிடணும்" என்று கெஞ்சினாள், கொஞ்சினாள். மகள் சிரித்துக்கொண்டே அப்பத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். சாமியார் வருவதற்கு முந்தின நாள் பொறுமை கைவிட்டுப் போய், கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"உன்ன எதுக்குடி படைச்சாரு அவரு?"

புருஷன் ஓடிவந்தான். "ஏய், விடு. படைச்சவருக்கு அவளப் பத்தித் தெரியாதா?"

"உங்களுக்கென்ன, பேசிட்டுப் போயிடுவீங்க."

அப்பத்தை மறுபடி நீட்டினாள். பிஞ்சுக் கை வந்தது. மறுபடி அறைந்தாள். அதற்கடுத்த முறை கை வரவில்லை.

மறுநாள் சாமியார் வந்தார். பிஸ்கட்டைக் கொடுத்தார், வாங்கித் தின்றாள். பிறகு அப்பத்தை நீட்டினார். மகள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்து, வாயை இறுக மூடி, தலை குனிந்துகொண்டாள்.

சாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களாம்மா, என்ன ஒரு பக்தி! நமக்கெல்லாம் வருமா இது? ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க."

புருஷன் அவளைப் பார்த்தான். சரிங்க சாமி என்று ஒரு வார்த்தை சொன்னால் காரியம் முடிந்தது. அவளோ சாமியார் கையிலிருந்த அப்பத்தை வாங்கி, மகள் முன்னால் மண்டியிட்டாள்.

"சாப்பிடு கண்ணு. அம்மா அடிக்க மாட்டேன்."

மகள் அப்பத்தைப் பார்க்கவில்லை, அம்மாவின் கையைப் பார்த்தாள். பிறகு கண்களை இறுக மூடிக்கொண்டு, கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள்.