விடை போட்டவருக்கு

பள்ளிப் பயிற்சி நூல்களின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் விடைகள் இருக்கும். அவற்றைப் போடுவதற்கும் ஓர் ஆள் உண்டு என்று யாரும் நினைப்பதில்லை. மலேசியாவில், கிள்ளானில் ஒரு சின்னப் பதிப்பகத்தில் அந்த ஆள் குணபூசணி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, பிரிக்பீல்ட்ஸில் ஒற்றை அறை. அட்டையில் யாரோ ஒரு பட்டதாரியின் பெயர் இருக்கும். நூலின் முந்நூற்று இருபது கணக்குகளையும் ஒன்றுவிடாமல் போட்டுப் பார்ப்பவள் இவள்.

1981இல் அவள் கை ஒருமுறை தவறியது. ஒத்த உறுப்புகளைச் சேர்க்கும்போது ஒரு கழித்தல் குறியை விட்டுவிட்டாள். காஜாங்கிலிருந்து ஒரு மாணவன் அதைக் கண்டுபிடித்து எழுதினான். உறைமேல் ‘விடை போட்டவருக்கு’ என்றிருந்தது. முதலாளி இராமலிங்கம் அதை அவள் மேசையில் வைத்து, “ஒங்களுக்குத்தான் மிஸ். பாத்துப் போடுங்க லா” என்றார். அவளுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும், சந்தோஷம்தான் வந்தது. பதில் எழுதினாள். தீபாவளிக்கு அந்தப் பையன் வாழ்த்து அட்டை அனுப்பினான். பெற்றோர் போன பிறகு அவள் பெயருக்கு வந்த முதல் அட்டை அது.

ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவுமாம். அடுத்த நூலில் குணபூசணி தெரிந்தே ஒரு விடையைத் தப்பாக வைத்தாள். ஒன்றே ஒன்று. ஏழு கடிதங்கள் வந்தன. அதற்கடுத்த நூலுக்குப் பதினொன்று. சனிக்கிழமை மத்தியானங்களில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாள். அங்கே மழை எப்படி, அம்மா சுகமா என்றுகூட விசாரித்தாள். மன்னிப்புக் கேட்பதற்கு இத்தனை ஆசைப்பட்ட ஒருத்தியை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

1984இல் பந்திங்கிலிருந்து தங்கமணி என்ற, படிவம் இரண்டில் படிக்கும் பதினான்கு வயது மாணவி எழுதியிருந்தாள்.

“5a − (2b − 3a) சுருக்கணும். எனக்கு 8a − 2b வந்துச்சு. புக்குல 2a − 2b இருக்கு. அஞ்சு தடவ போட்டுப் பாத்தேன். புக்கு தப்பா இருக்காதுன்னு அழிச்சிட்டு அதையே எழுதினேன். சோதனையிலயும் அதே மாதிரி போட்டேன், எல்லாம் தப்பாப் போச்சு. இப்பல்லாம் மொதல்ல விடையப் பாத்துட்டு, அதுக்கு ஏத்த மாதிரிதான் கணக்கு போடுறேன். எப்படிப் போட்டா 2a வரும்? சொல்லிக் குடுங்க.”

மற்ற பிள்ளைகள் பிழையைச் சுட்டிக்காட்டியவர்கள். இவள் பிழைக்கு வழி கேட்கிறாள். அடைப்புக்கு முன்னால் கழித்தல் நின்றால் உள்ளே இருக்கும் −3a வெளியே வரும்போது +3a ஆகும். அந்தப் பெண் முதலில் சரியாகத்தான் போட்டிருந்தாள். ஒரு பிள்ளை தன் புத்தியையே நம்பாமல் போகும்படி செய்துவிட்டோமே! குணபூசணி கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

பிறகு உள்ளதை உள்ளபடி எழுதினாள். ‘உன் விடைதான் சரி. அந்தத் தவற்றை நான் தெரிந்தே வைத்தேன். எனக்குக் கடிதம் எழுத வேறு யாரும் இல்லை.’

பத்தாம் நாள் பதில் வந்தது. ஒரே வரி.

“அப்ப மத்த கணக்குல எதெல்லாம் தப்பு?”

வேறெதுவும் தப்பில்லை என்று எழுதினால் அவள் ஏன் நம்ப வேண்டும்? குணபூசணி முந்நூற்று இருபது கணக்குகளையும் மறுபடி போட்டாள், ஒரு படியும் விடாமல், ஒவ்வொரு உறுப்பும் எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரியும்படி. மூன்று வாரம் பிடித்தது. பொட்டலம் கட்டித் தபாலில் சேர்த்துவிட்டு, பதில் வந்ததா என்று தினமும் தன் மேசையைப் பார்த்தாள். பொட்டலம் போய்ச் சேர்ந்ததா என்பதுகூடத் தெரியவில்லை.

அடுத்த நூலின் விடைகளை மூன்று தரம் சரிபார்த்துக் கொடுத்தாள். நூல் வெளிவந்து ஒரு வருஷம் ஓடியது. ஒருநாள் இராமலிங்கம் அவள் மேசைப் பக்கம் வந்து நின்றார்.

“இந்தப் புக்குக்கு ஒரு லெட்டர்கூட வரல. நல்ல வேலை, மிஸ்.”

“ஓம், ஒண்டும் வரேல்ல,” என்றாள் குணபூசணி.